திங்கட்கிழமைச் சோதனை

அந்தத் தொழிற்சாலையில் அவரை மோப்பக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். குளோரின் கசிந்தால் உடனே மணியடிக்கும் சென்சார்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. திங்கள்தோறும் காலையில் சின்ன பாட்டிலிலிருந்து துளி வாயுவை ஒவ்வொரு சென்சாருக்கும் காட்டுவார். மணி அலறும். உள்ளே இருப்பவர் வாக்கிடாக்கியில் "கேட்டது, நிறுத்து" என்று சொல்ல வேண்டும். அத்தோடு சரி, யாரும் ஓட மாட்டார்கள். சோதனைக்கெல்லாம் வெளியே ஓடினால் உற்பத்தி என்னாவது என்று மேலாளர் ஒருமுறை எரிந்து விழுந்திருந்தார். மகராசன்! அவர் அறை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் அல்லவா இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை சிலிண்டர் அறையில் இருந்தவன் மோப்பக்காரரின் மச்சினன். அவன் அக்காதான், அதாவது இவர் மனைவிதான், அவனைத் தாயாக இருந்து வளர்த்தாள். வேலை வாங்கிக் கொடுத்தது இவர்.

பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பாதி முற்றம்கூடத் தாண்டவில்லை, சிலிண்டர் அறை மணி அலறியது.

அவர் பாட்டில் மூடியைத் தடவிப் பார்த்தார். பாட்டில் இன்னும் மூடித்தான் இருந்தது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாக்கிடாக்கியை எடுப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான். "கேட்டது மாமா, நிறுத்துங்க! காதைக் கிழிக்குது."

"டேய், வெளிய வாடா! நான் இன்னும் திறக்கவே இல்ல!"

அவன் பேசும் பொத்தானை விட்டால்தான் இவர் குரல் அவனுக்குக் கேட்கும். அவன் விடவில்லை. "என்ன மாமா, இன்னிக்கு வாடை தூக்கலா இருக்கு? அக்கா மேல இருக்கற கோவத்த என்கிட்ட காட்டறீங்களா?" சிரித்தான். சிரிப்பு இருமலானது.

"பொத்தானை விடுடா, பாவி! ஓடுடா!"

கத்திக்கொண்டே ஓடினார். கதவடியில் மஞ்சளும் பச்சையுமாய்ப் புகை தவழ்ந்தது. முகமூடிகூட இல்லாமல் உள்ளே பாயப் போனவரை இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். கையிலிருந்த வாக்கிடாக்கியில் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்று, உள்ளே அடிக்கும் மணி மட்டும் கேட்டது.

மருத்துவமனை வராந்தாவில் மனைவி அழவில்லை. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"வருசக்கணக்கா அதத்தான பாக்கறீங்க? என் தம்பிக்கு மட்டும் உங்க மணி அடிக்கலையா?"

மணி பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னால் அவரைத் திட்டித் தீர்த்தாவது கொஞ்சம் ஆறுவாள்.

"அடிச்சுது," என்றார். "நல்லாவே அடிச்சுது."