சந்தாபுராவில் நின்ற விமானம்

தாரணி வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இரண்டு பழைய ஆவ்ரோ விமானங்கள் இருந்தன. ஒன்றின் முதுகில் ரேடாரைச் சுமந்து சுழலும் பெரிய வட்டத்தட்டு. அதனால் அதற்கு அப்பளம் என்று பெயர் விழுந்துவிட்டது. இன்னொன்றின் முதுகில் எதுவும் கிடையாது. ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிப்போகும், சோதனை நாட்களில் எதிரி விமானமாக வேஷம் கட்டும். அது வெறுஞ்சோறு. அதை ஓட்டும் கேப்டன் நாணுவுக்கு இந்தப் பெயரில் ஏகப்பட்ட மனத்தாங்கல்.

தொண்ணூற்றேழாம் வருடம் ஆடிக் காற்று அடங்கிய சமயம், டில்லியிலிருந்து விமானப்படை அதிகாரி ஏர் கமடோர் கிருஷ்ணப்பா இந்த ரேடார் திட்டத்தை நேரில் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. திட்டத்தின் தலைவர் தேசிகனுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் அப்பளம் நொறுங்கியது மாதிரிதான். ஏற்பாடு என்னவோ எளிது. நாணு எலஹங்கா விமானதளத்தில் கிளம்பி, ஓசூர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, தாழப் பறந்து பெங்களூரை நோக்கி வரவேண்டும். மேலே அப்பளத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாரணி அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

போன சோதனையில் நாணு குறுக்கே திரும்பியதும் திரையிலிருந்து மாயமாகிவிட்டார். அந்த அவமானம் தாரணியை விடவில்லை. தரையில் மெதுவாக நகர்வதையெல்லாம் ரேடார் ஒதுக்கித் தள்ளுவதற்கென்று ஒரு வேக வரம்பு உண்டு. குறுக்கே பறக்கிற விமானமும் ரேடார் கண்ணுக்கு மெதுவாக நகர்வது போலத்தான் தெரியும், அதையும் சேர்த்துத் தள்ளிவிடும். அன்று காலை அவள் அதை யாரிடமும் சொல்லாமல் நன்றாகத் தாழ்த்தி வைத்தாள். 'இன்னிக்கு எப்படித் தப்பிக்கிறாருன்னு பாக்கலாம்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அப்பளம் மேலேறி நிதானத்துக்கு வந்தது. கிருஷ்ணப்பா அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கனத்த மீசை, பெங்களூர் அல்சூரில் வளர்ந்தவர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். வந்து நின்ற கையோடு திரையில் ஒரு புள்ளி முளைத்தது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து சரியாகப் பெங்களூரை நோக்கி.

"கெடச்சிடுச்சு சார்!" என்றாள் தாரணி.

"சக்கத்தாகிதே! பிரமாதம்!" என்று கிருஷ்ணப்பா கை தட்டினார். தேசிகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கொஞ்ச தூரம் வந்த புள்ளி பட்டென்று மறைந்தது. பிறகு மறைந்த இடத்திலேயே மறுபடி முளைத்தது.

"மலை இடுக்குல ஒளிஞ்சு ஒளிஞ்சு வரார் சார். நாணு பெரிய கில்லாடி" என்று தேசிகன் விளக்கம் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒளிகிற அளவுக்கு மலை ஏது என்று தாரணிக்கு உறுத்தியது. அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது.

"நாணு பேசறேன். மன்னிக்கணும் சார், நான் இன்னும் கெளம்பவே இல்ல. ரன்வேல நாலு நாய் படுத்திருக்கு. வெரட்டிட்டிருக்காங்க."

கிருஷ்ணப்பாவின் மீசை விறைத்தது. "அப்போ இது யாரு? அடையாளம் தெரியாத விமானமா? உடனே கன்ட்ரோலுக்குச் சொல்லு!"

தாரணி புள்ளியின் வேகத்தைப் பார்த்தாள். மணிக்கு எழுபது கிலோமீட்டர். இந்த வேகத்தில் எந்த ஆவ்ரோவும் ஆகாயத்தில் நிற்காது. புள்ளி வளைந்த இடத்தையும் மறைந்த இடத்தையும் வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்ததும் அவளுக்குக் காது சுட்டது. தேசிகன் குனிந்து, "ஹெலிகாப்டர்னு சொல்லிடும்மா" என்று கிசுகிசுத்தார். சொல்லியிருப்பாள். ஆனால் கன்ட்ரோலிலிருந்து நிஜமாகவே போர் விமானத்தை அனுப்பிவிட்டால்?

"சார், அது பஸ்ஸு."

"ஏனு?"

"ஓசூர் பஸ் சார். சந்தாபுரா ஸ்டாப்புல நின்னுது, அதான் மறைஞ்சிடுச்சு. ஆள ஏத்திக்கிட்டுக் கெளம்பினதும் திரும்பத் தெரியுது. வேக வரம்ப நான்தான் கொறைச்சு வெச்சேன்." கடைசி வாக்கியத்தில் அவள் குரல் கீச்சிட்டது.

தேசிகன் கண்களை மூடிக்கொண்டார். கிருஷ்ணப்பா திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்து, திரையை விரலால் தொட்டார்.

"பின்னாடி வர்றது?"

"லாரியா இருக்கும் சார்."

"ஓவர்டேக் பண்றான் பாரும்மா! பொம்மனஹள்ளி வர்றதுக்குள்ள பஸ்ஸ முந்திடுவான்."

"சிக்னல் இருக்கு சார், முடியாது" என்றாள் தாரணி, தன்னையும் மீறி.

அதற்குப் பிறகு நடந்ததை அறிக்கையில் யாரும் எழுதவில்லை. பயத்தை மறந்த தேசிகன் லாரிப் பக்கம் சேர்ந்தார். விமானி அறையிலிருந்து "யாரு முன்னாடி?" என்று கேள்வி வந்தது. தாரணி வரம்பை இன்னும் கொஞ்சம் தாழ்த்தியதும் ஓசூர் ரோடு முழுக்கத் திரையில் எறும்பு மாதிரி ஊர்ந்தது. லாரி முந்துகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் நாணுவின் குரல், அழாத குறையாக:

"சார், நான் உங்களுக்குக் கீழயே ரெண்டு வாட்டி போய்ட்டேன். யாருமே கண்டுக்கல. திரும்பிப் போகட்டுமா?"

தாரணி பாய்ந்து வரம்பை உயர்த்தினாள். பஸ், லாரி எல்லாம் ஒரே நொடியில் அழிந்தன. மீதி நின்ற ஒற்றைப் புள்ளி நாணு. இம்முறை அவர் குறுக்கே திரும்பியும் அவள் விடவில்லை. திரும்பும் கணத்தில் வரம்பைக் கொஞ்சம் தளர்த்தி, மறுகணம் இறுக்கிப் பிடித்தாள். இறங்கும்வரை அந்தப் புள்ளி அவள் கையை விட்டுப் போகவில்லை.

தரையிறங்கியதும் கிருஷ்ணப்பா தீர்ப்புச் சொன்னார். "ரேடார் பாஸ். பாக்கிறவங்களுக்குத்தான் பாடம் வேணும். என்னையும் சேத்துத்தான் சொல்றேன். தட்டு இல்லாத அந்த ப்ளேன்ல நாலு திரை வெச்சுப் பள்ளிக்கூடம் ஆக்குங்க. இந்தம்மா டீச்சர்."

தேசிகன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் ஏர் கமடோரின் கைக்கடிகாரம் கழன்றது. தாரணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நாணு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் மத்தியானம் அவரே வந்து, அன்றைய திரைப் பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார். அவள் போட்டாள். பஸ் கூட்டத்தின் நடுவே விறுவிறுவென்று போகும் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள்.

நாணு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

"இத்துனூண்டா நானு?" என்றார். "லாரி என்னைவிடப் பெருசா இருக்கே."