நாலு விரல் தளர்வு

அவனோடு வேலை பார்க்கும் லைன்மேன்கள் அவனை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். பதினெட்டு வருடமாகத் தரையில் நின்ற நேரத்தைவிட மின்கம்பத்தில் தொங்கிய நேரம்தான் அதிகம். அப்பேர்ப்பட்டவனை ஒரு மழைநாளில் நிஜ ஏணி காலை வாரிவிட்டது. இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்து, ஐந்து மாதம் படுத்து எழுந்த பிறகு, அவனுடைய பிழைப்பு ஒரு முழம்கூட இல்லாத கறுப்புத் துணிப்பட்டையில் வந்து மாட்டிக்கொண்டது.

"எலும்பு கூடிடுச்சு. இடுப்புப் பக்கத்துத் தசைதான் படுத்துத் தூங்குது. அத எழுப்பணும்" என்று பிசியோதெரபி செய்யும் பெண் அதைக் கொடுத்தாள். வளையமாகத் தைத்த பட்டை. துணிக்குள் எலாஸ்டிக் ஓடும். வழுக்காமலிருக்க உள்பக்கம் ரப்பர் கோடுகள். முழங்கால்களுக்குச் சற்று மேலே மாட்டிக்கொண்டு, பாதி உட்கார்ந்த மாதிரி குனிந்து, நண்டு போலப் பக்கவாட்டில் நடக்க வேண்டும். இந்தப் பக்கம் இருபது அடி, அந்தப் பக்கம் இருபது அடி, முட்டி உள்ளே சாயாமல். எட்டு வாரம் கழித்து அவள் முன்னால் நடந்து காட்டினால், கம்பம் ஏறலாம் என்று ஆபீஸ் படிவத்தில் கையெழுத்துப் போடுவாள். தவறினால் புகார் மேசை.

புகார் மேசை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் தற்காலிகமாக அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, காதை அமுக்கும் ஹெட்போன். கரண்ட் எப்போது வரும் என்று நாளெல்லாம் யார் யாரோ கத்துவார்கள். எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் கோளாறு இருக்கும் என்று அவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். ஆனால் "ஆள் அனுப்பியிருக்கோம்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லக் கூடாதாம். அந்த நாற்காலியில் ஓய்வு பெறும்வரை உட்கார அவன் தயாராக இல்லை.

வீட்டில் சமையலறை வாசலிலிருந்து குளியலறை வாசல் வரையுள்ள நடைதான் மைதானம். அதையொட்டி அவன் மனைவியின் தையல் மெஷின். ஊரார் துணிகளை அளவு குறைப்பதும் கூட்டுவதும் அவள் தொழில். முதல் வாரம் நரகம். நாலாவது அடியில் தொடை வெடவெடக்கும். ஐந்தாவதில் முட்டி உள்ளே போய்விடும். பட்டையை உருவிச் சுவரில் அடிப்பான். "இத்தனூண்டு துணி! என்னைப் போட்டு ஆட்டுது பாரு!" என்பான். ஒருநாள் சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டு அழுதே விட்டான். கேட்டால் வியர்வை என்பான் என்று தெரிந்து அவள் கேட்கவில்லை.

அவள் வேலை எண்ணுவது. அதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டாள். அவன் கால் தரையில் படுவதற்குள் அடுத்த எண்ணைச் சொல்லிவிடுவாள்.

"நீ ஆறுன்னு சொல்லிட்டா என் கால் அங்க போயிடுமா?"

"போயிடும், வாங்க."

இரண்டாவது வாரம் கால் போயே விட்டது! ஆறென்ன, எட்டு. அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு. சனிக்கிழமை தோறும் "வேர்வை நாத்தம் தாங்கல, கொடுங்க" என்று அவள் பட்டையை வாங்கித் துவைத்துப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டினால் போன வாரத்தைவிடக் கால் லேசாக நகரும். ஆறாவது வாரம் இருபத்தைந்து அடி நடந்தான். நடந்துகொண்டே பாட்டுப் பாடினான். பிசியோ பெண் போனில் விசாரித்தபோது, "வலியா? அப்படின்னா என்னங்க?" என்று கேட்டான். டீ குடிக்க வந்த லைன்மேன்களிடம் அடுத்த மாதம் மேலே பார்க்கலாம் என்று சவடால் விட்டான். தலைகால் புரியவில்லை அவனுக்கு.

பரிசோதனை நாளன்று தன் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனான். பிசியோ பெண் அதை வாங்காமல் அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்தாள். "பரிசோதனைக்கு இங்க இருக்கறதத்தான் போடணும். ரெண்டும் ஒண்ணுதான், நடங்க."

முதல் அடியிலேயே ஏதோ சரியில்லை. மூன்றாவதில் தொடை வெடவெடத்தது. ஐந்தாவதில் முட்டி மடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இது வேற பட்டைங்க! இது ரொம்ப இறுக்கம்!" அறையில் இருந்த மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினான். "என்னோடதப் போட்டு நான் இருபத்தஞ்சு போவேன்!"

அவள் பொறுமையாக இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே நிறம், அதே கம்பெனிச் சீட்டு. அவனுடையது நாலு விரல் அதிக நீளம்.

பிடுங்கி உள்பக்கத்தைத் திருப்பினான். போட்டிருக்கும் சட்டைக்கு என்ன நிறப் பொத்தான் என்றுகூடப் பார்க்காத மனுஷன், அன்றைக்குத்தான் அந்தப் பட்டையை முதல்முதலாக உற்றுப் பார்த்தான். வளையம் சேருமிடத்தில் ஒரு கறுப்புத் துணித்துண்டு. இழுத்தால் நீளாத, சாதாரணத் துணி. அதன் ஓரத்தை மடித்திருந்த நேர்த்தியும் தையல் முடிகிற இடத்தில் போட்டிருந்த இரட்டை முடிச்சும் அவனுக்குத் தெரியாதவையா? இருபது வருடமாக அந்தக் கை தைத்ததைத்தான் உடுத்துகிறான்.

"என்ன ஆச்சு?" என்றாள் பிசியோ பெண்.

"எலாஸ்டிக் நைஞ்சு போச்சுங்க" என்றான்.

"இப்படி இருக்கும்போது நான் எழுதித் தர முடியாதுங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி மனுப் போடலாம். அதுவரைக்கும்..." அதுவரைக்கும் எங்கே என்று அவனுக்குத் தெரியும். படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி யாருடைய கால்சட்டையையோ நீளம் குறைத்துக்கொண்டிருந்தாள். பட்டையை மெஷின்மேல் எறிந்தான்.

"இது யார் கை?"

மெஷின் நின்றது. "என் கைதான்."

ஒரு வார்த்தை மறுத்திருந்தால் வாய்விட்டுக் கத்தியிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை அவள்.

"அன்னிக்கு நீங்க சுவத்துல முகத்த வெச்சு அழுதீங்க. பாக்க முடியல. அரை விரல்தான் விட்டேன். எட்டு அடி போயிட்டு சிரிச்சீங்க. இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு அஞ்சு மாசத்துக்கு மேல ஆகியிருந்துச்சு. அடுத்த சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்புறம் நிறுத்த முடியல."

"இன்னிக்குப் பரிசோதனைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." தலையைத் தூக்கினாள். "முதல்ல பாவம்னுதான் செஞ்சேன். கடைசியில அது மட்டும் இல்ல. நீங்க விழுந்துட்டீங்கன்னு போன் வந்தப்ப, இதே மாதிரி ஒரு துணிக்கு ஓரம் அடிச்சிட்டிருந்தேன். போனை வெச்சுட்டு, அந்த ஓரத்த முடிச்சுட்டுத்தான் எழுந்தேன். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. இன்னொரு தடவை அப்படி ஒரு போன் என்னால எடுக்க முடியாதுங்க. நீங்க கீழயே இருங்கன்னு நினைச்சேன். அதான் உண்மை."

அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அந்தப் பொண்ணு என் பட்டையையே போட்டு நடக்கச் சொல்லியிருந்தா?"

அவள் கால்சட்டையை மெஷினிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஜம்முனு இருபது அடி நடந்து கையெழுத்து வாங்கியிருப்பேன். திங்கக்கிழமை கம்பத்து மேல நின்னிருப்பேன். இந்தக் காலோட. உன்னோட நாலு விரல நம்பி."

அவள் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வாரமாக எல்லாப் பக்கமும் அளந்து தைத்தவள் இந்த ஒரு பக்கத்தை அளக்கவே இல்லை. பிறகு இழுப்பறையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள்.

"நீங்க ஏறக் கூடாதுன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்" என்றாள், குனிந்தபடியே.

"தெரியும். பிரி."

அவன் நகரவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நூலாகப் பார்த்தான். பிரித்தெடுத்த துண்டைத் தரையில் போட்டாள். மூட்டித் தைத்து முடித்ததும் அவளுடைய அளவு நாடாவை அவனே எடுத்து அளந்தான். இதுவரை அவள் வேலையை அவன் அளந்து பார்த்ததில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறை வாசலில் போய் நின்று மாட்டிக்கொண்டான். கடித்துப் பிடித்தது பட்டை. குனிந்தான்.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு." குரல் உடைந்திருந்தது. "மூணு."

நாலாவது அடியில் தொடை வெடவெடத்தது. நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணுக்குள் போனது. இடது காலை எடுத்தான். அது தரைக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டே நின்றது. அவள் உதடு ஐந்துக்குத் திறந்தது.

"சொல்லாத" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னும் வரல."

அவள் வாயை மூடிக்கொண்டு, அந்தக் காலையே பார்த்தபடி காத்திருந்தாள்.