காற்றில்லாத கூடாரம்

மின்விசிறி ஊதிக்கொண்டே இருந்தால்தான் அந்தக் கூடாரம் நிற்கும். அதற்குள் இருட்டில், கூரைத் துணியில் நட்சத்திரப் படம் காட்டிப் பள்ளி பள்ளியாகப் பிழைத்துவந்தார் நட்சத்திர மாமா. "விண்வெளியில காத்து இல்ல, அதனால சத்தமும் கேக்காது" என்று சொல்லிப் பத்து விநாடி விசிறியை நிறுத்துவது அவருடைய வித்தை. அதற்குமேல் போனால் துணி தலையில் சரிந்துவிடும்.

அன்று முதல் வரிசையில் அவருடைய அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். "மாமா, அப்போ அங்க உங்க வாய்க்கு வேலையே இல்ல!" என்றாள். வகுப்பே சிரித்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வர, அவர் முழுதாக ஒரு நிமிடம் நிறுத்தினார்.

கூடாரம் சரியவில்லை. "பாத்தீங்களா?" என்றார், அவருக்கே கேட்கவில்லை. பதறிப்போய் விசிறியைப் போட்டார். சத்தமில்லாமல் சுழன்றது. மாமாவின் குரலே வராததால் பிள்ளைகள் சலித்துப்போய் ஜிப்பைத் திறந்து வெளியேறி, வாசலில் விட்டிருந்த செருப்புகளை மாட்டிக்கொண்டார்கள். மாமாவின் ஜோடி மட்டும் மிஞ்சியது. அக்கா மகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். 'மாமா' என்று உதடு அசைந்தது. பார்வை அவரைத் தாண்டிப் போயிற்று.

"இங்கதான்டி இருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அதைச் சுமந்துபோகக் காற்று இல்லை. கடைசியாக எப்போது மூச்சு இழுத்தோம் என்று அப்போதுதான் யோசித்தார்.