மேட்டில் இழுக்காத வண்டி

தங்கை காலையிலேயே அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்கு நீ பாத்துச் சொல்லித்தான் ஆகணும்ணே. வண்டி நின்னுச்சா, அவர் தூங்கினாரா? ரெண்டுல ஒண்ணு."

மெக்கானிக் பின்சுவர்ப் பக்கம் நடந்தான். அந்தப் பழைய பிக்கப் வண்டி மூன்று மாதமாகப் பின்சுவரோரம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அவள் புருஷன், இவனுடைய மாப்பிள்ளை, செத்தது அதில்தான். பாலத்துக்கு ஏறும் மேட்டில், பட்டப்பகலில், பின்னால் வந்த லாரி இடித்தது. ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். வண்டி நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது, ஆள் தூங்கியிருப்பான் என்று லாரிக்காரன் சொல்லிவிட்டான்.

அதை மாமியார் பிடித்துக்கொண்டாள். முந்தின ராத்திரி சண்டை போட்டுப் புருஷனைத் தூங்கவிடாமல் செய்தவள் இவள்தான், என் பிள்ளையைக் கொன்றவள் இவள்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும். ஆனால் சண்டை நடந்தது நிஜம். அதனால் தங்கைக்கே அந்தச் சந்தேகம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக்கை அரித்தது வேறு. சாவதற்கு முன் மாப்பிள்ளை மூன்று தடவை வண்டியைக் கொண்டுவந்து காட்டியிருந்தார். மேடு ஏறும்போது திடீரென்று இழுவை போய்விடுகிறது, எவ்வளவு மிதித்தாலும் முக்குகிறது, அணைந்து ஐந்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது என்றார். மூன்று தடவையும் இவன் ஃபில்டரை மாற்றினான், பம்பைப் பார்த்தான், ஒயர்களை இழுத்துப் பார்த்தான், தானே ஓட்டியும் பார்த்தான். வண்டி குதிரை மாதிரி ஓடியது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மாப்ள, கோளாறு உங்க கால்லதான்" என்றான். வீடே சிரித்தது. மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார், பாவம்.

இன்று முன்சக்கரங்களை மரக்கட்டைமேல் ஏற்றி, மேட்டில் நிற்பது போல வண்டியை நிறுத்தினான். டீசல் முள் கால் டேங்கில் நின்றது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த மூன்று தடவையும் டேங்க் நிரம்பியிருந்தது. மச்சானாகிய இவனைக் கைக்காசு போட்டு ஓட்டிப் பார்க்க விடக்கூடாதென்று, ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதெல்லாம் டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிற மரியாதைக்காரர் அவர்.

டீசல் வரும் ஓஸின் நடுவில், உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற குழாய் ஒன்றைச் சேர்த்து எஞ்சினை ஓடவிட்டான். இருபது நிமிஷம் நன்றாக ஓடியது. பிறகு குழாயில் டீசல் மெலிந்தது. எஞ்சின் முக்கி முனகி அணைந்தது. தங்கை டயரைவிட்டு எழுந்துவிட்டாள். ஓஸைக் கழற்றி டேங்க் பக்கமாகக் காற்றடித்தான். உள்ளே குபுகுபுவென்றது. மாட்டிச் சாவியைத் திருகியதும் மறுபடி ஓடியது. டீசல் குறைந்து வண்டி மேட்டில் சாயும்போது டேங்குக்குள் ஏதோ ஒன்று உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டுகிறது, எஞ்சின் அணைந்ததும் விலகிவிடுகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்த டேங்கைக் கழற்றி ஓட்டை அடைத்தவன் அவனேதான். கழற்றிய டேங்கில் தூசி விழாமலிருக்க அதன் வாயில் துணியைத் திணித்து வைப்பது அவன் வழக்கம். பத்து துணி திணித்தால் பத்தையும் எடுத்துவிடுவான். அன்றைக்கும் எடுத்திருப்பான்.

மேல்மூடியைத் திறந்து கம்பிக் கொக்கியை விட்டுத் துழாவினான். மூன்றாம் துழாவலில் மாட்டியது. டீசல் ஒழுக ஒழுக வெளியே வந்தது அவனுடைய பழைய கட்டம்போட்ட சட்டையின் கிழிந்த துண்டு ஒன்று. அதிலிருந்த பட்டன் சிவப்பு நூலில் தைத்திருந்தது. வீட்டில் நீல நூல் இல்லையென்று சிவப்பில் தைத்துக் கொடுத்தது தங்கை.

"என்னண்ணே அது?"

அவள் வண்டியின் அந்தப் பக்கம் நின்றாள். அங்கிருந்து அவன் கை தெரியாது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். ஒரே ஒரு பொய்யில் அவள் பழியும் தீரும், தன் பாவமும் மறையும் என்று அவனுக்குத் தோன்றியது. துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டான்.

"டேங்க்ல கசடும்மா. வண்டிதான் நின்னிருக்கு. அவர் தூங்கல."

அவள் மூன்று மாத அழுகையையும் சேர்த்து அழுதாள். சுற்றி வந்து அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விரலிடுக்கில் டீசல் வழிவதைப் பார்த்து, துடைத்துவிட அவளே அவன் கையை விரித்தாள்.

பட்டனை வெகுநேரம் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. துணியை எடுத்துக்கொண்டு, "மாமியார்கிட்ட நீயே வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவன் பின்னால் போனான். ஒர்க்‌ஷாப் வாசலில் அவள் நின்றாள், திரும்பவில்லை.

"கால்லதான் கோளாறுன்னு நீ சொன்னப்ப நானும் சிரிச்சேண்ணே. அதுக்கப்புறம்தான் அவர் வண்டி நிக்குதுன்னு சொல்றதையே விட்டுட்டார்."