கதவு சாத்தாத வண்டி

வெல்டன் டட்டிலுக்குச் சேற்றில் வண்டி ஓட்ட வராது. ரோட்டில் ஓட்டுவான், அதுவும் சுமார்தான். ஆனால் அவன் பாடுகிற பாட்டெல்லாம் சேறு, ட்ரக், இல்லாவிட்டால் சேற்றில் ஓடுகிற ட்ரக். தெற்கு ஜார்ஜியாவில் பாதிப் பேர் அவனைப் பெரிய சேற்று வீரன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. பாடுகிறதையெல்லாம் செய்துகாட்டத்தான் வேண்டுமென்றால் ஊரில் ஒருத்தனும் காதல் பாட்டு பாட முடியாது.

ஓட்டினது நான். என் பேர் ஓடெல் க்ரிஸ்ஸம். வண்டி என்னுடையது, பாட்டுக்குப் பின்னால் தும் தும் என்று போகிற பீட்டும் என்னுடையது. மீட்டுகிற பாஞ்ஜோவும் பாடுகிற குரலும் அவனுடையது. வார்த்தைகளை இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே எழுதுவோம். இரண்டு பேரும் சேர்ந்து 'செம்மண்'. போஸ்டரில் அப்படித்தான் போடுவோம். ஜனங்கள் போஸ்டரைப் பார்த்துவிட்டு "செம்மண் வர்றான்" என்பார்கள். வர்றாங்க என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் பழகினது கடலைக் கிட்டங்கியில். ஈரக் கடலையைக் காயவைக்க அங்கே ராட்சத ஃபேன் ஒன்று ஓடும். அதில் ஒரு இறக்கை கோணல், அதனால் சுற்றுக்கு ஒரு தரம் தட்டும். எல்லோருக்கும் தலைவலி, எனக்கு மட்டும் அது தாளமாகக் கேட்டது. போனில் பிடித்து வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது மூட்டை தூக்குகிற வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் பாஞ்ஜோவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேட்காமலே வாசித்தான். அப்புறம் கேட்காமலே என் பொரித்த கெளுத்தி மீனையும் எடுத்துத் தின்றான். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவனோடு காலத்துக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று.

கிராமத்துப் பாட்டு போடுகிற கன்ட்ரி ரேடியோக்காரர் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, "தம்பி, இது ராப்" என்றார். அட்லாண்டாவில் ராப் ரேடியோக்காரர் கேட்டுவிட்டு, "இதுல என்னப்பா பாஞ்ஜோ வருது, எங்கயாவது மாடு கட்டியிருக்கா?" என்றார். எங்களைச் சேர்த்துக்கொண்ட ஒரே இடம் சகதி மைதானங்கள்தான். வாரம் முழுக்க வேலை பார்த்த ஜனம் சனிக்கிழமையானால் ட்ரக்கை எடுத்துக்கொண்டு வந்து சேற்றில் புரட்டும். பாட்டு பிடித்தால் கை தட்டாது, எஞ்சினை உறுமவிடும். என் மாமா மகளுக்கு இந்தப் பாட்டெல்லாம் சுத்தமாகப் பிடிக்காது. அப்படிப்பட்டவளே ஒரு தரம் வந்தபோது ஹாரனைத் தட்டினாள்.

அப்படியே வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டு பிடித்துக்கொண்டது. 'கதவு சாத்தாத வண்டி' என்று பேர். என் ட்ரக்கைப் பற்றின பாட்டு. அதில் டிரைவருக்கு அந்தப் பக்கக் கதவு சாத்தாது, கயிற்றால் கட்டியிருப்பேன். ஏறுகிறவன் ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். வெல்டன் அதை "என் வண்டி, என் கயிறு, எவ்வளவு ஆழமானாலும் இறங்குவேன்" என்று பாடினான். பாடுகிறவன் 'அவன் வண்டி' என்று பாடினால் நன்றாகவா இருக்கும்? விட்டுவிட்டேன். பெட்ரோல் பங்க், சலூன், கல்யாணம் எல்லா இடத்திலும் அந்தப் பாட்டு. கன்ட்ரி பாட்டுக்குத் தலைநகரான நாஷ்வில்லில் ஒரு ரெக்கார்டு கம்பெனிக்கும் கேட்டிருக்கிறது. அங்கேயிருந்து வின்ஸ்லோ என்று ஒருவர் வந்தார். பூட்ஸ் அணிந்திருந்தார், அதில் தூசு இல்லை. வெல்டனை மட்டும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வெல்டன் ஜன்னல் வழியாக என் வண்டியில் ஏறி இடிச்சபுளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுடா. என்ன தின்னே?"

"இறால்."

"பேஷ். அப்புறம்?"

"பெரிய ரெக்கார்டு போடறாங்களாம். டூர். பேண்டு எல்லாம் அவங்களே குடுக்கறாங்க."

"பேண்டு இருந்தா நான் என்ன பண்றது, வெல்டன்?"

அவன் கயிற்றை நோண்டிக்கொண்டிருந்தான். "ரெண்டு பேரா இருந்தா எந்த ரேடியோவுக்கு அனுப்பறதுன்னே தெரியலைங்கறாரு. ஒரு ஆள், ஒரு தொப்பி, ஒரு வண்டி. ஜனங்களுக்குப் புரியணுமாம்."

வெல்டன் வெள்ளை, நான் கறுப்பு. அவன் கௌபாய் தொப்பிக்குச் சுற்றிலும் விளிம்பு, என் தொப்பிக்கு முன்பக்கம் மட்டும். வின்ஸ்லோவுக்கு எந்தத் தொப்பி வேண்டும் என்று தெளிவாகவே புரிந்தது.

"பாட்டு?"

"எல்லாம் நானே எழுதினதுன்னு சொல்லச் சொல்றாரு. சும்மா பேட்டிக்குத்தான் மாப்ள. நமக்குத் தெரியாதா என்ன?"

"நமக்குத் தெரியும். மத்தவனுக்கு?"

ஜன்னல் வழியாகவே இறங்கிப் போனான். டூரும் வேண்டாம், நாஷ்வில்லும் வேண்டாம். அந்தக் கோணல் இறக்கையின் சத்தம் என் காதில் விழுந்தது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அதையும் கழட்டிவிட்டான்.

கம்பெனி அவனுடைய முதல் படப்பிடிப்பை வெர்னா அக்கா மைதானத்தில் வைத்தது. வெர்னா சைக்ஸ் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அக்கா. பாட்டில் வருகிறபடி வெல்டன் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, சேற்றைத் தாண்டி, மேடையில் ஏறிப் பாட வேண்டும். கேமராக்காரர்கள் நிற்பார்கள். எனக்கு அழைப்பு இல்லை. ஆனால் அந்த மைதானத்துக்குப் போக என்னை எவன் அழைக்க வேண்டும்? என் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவித்த கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பானட்டில் சாய்ந்து நின்றேன்.

வெல்டன் வந்தான். புத்தம் புது ட்ரக், முகம் பார்க்கலாம் போல வெள்ளை. தலையில் மைக். நான் முதலில் பார்த்தது டயரைத்தான். கிண்ணென்று இருந்தது. சேற்றில் இறங்குவதற்கு முன்னால் டயரில் காற்றைப் பாதி இறக்கிவிட வேண்டும் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். படத்தில் டயர் சப்பையாகத் தெரியும் என்று கேமராக்காரர் ஊதச் சொல்லியிருக்கிறார். வெல்டன் சரி என்றிருக்கிறான். இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், நான் குனிந்து என்ன செய்கிறேன் என்று ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை.

இறங்கினான். பள்ளத்தின் நட்டநடுவில் வண்டி நின்றது. நின்றதும் பேசாமல் இருந்திருக்கலாம், ஆக்சிலேட்டரை மிதித்தான். சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு அச்சு வரைக்கும் உட்கார்ந்தது.

வெர்னா அக்கா மைதானத்தில் ஒரு முறை உண்டு. மாட்டிக்கொண்டவனை யாரும் தானாகப் போய் இழுக்கக் கூடாது. இழுக்க வருகிறவன் பேரையும், அவன் தனக்கு என்ன உறவு என்பதையும் எல்லோருக்கும் கேட்கும்படி மாட்டினவனே சொல்ல வேண்டும். மச்சான், மாமன், பக்கத்து வீட்டுக்காரன், எதுவானாலும் சரி. பேர் சொன்னால் போயே ஆக வேண்டும், மறுக்க முடியாது. பங்காளிச் சண்டையில் பேச்சில்லாமல் இருந்த அண்ணன் தம்பிகள் எத்தனையோ பேர் இந்தப் பள்ளத்தில்தான் பேச ஆரம்பித்தார்கள். டிராக்டரும் ஒன்று உண்டு. டிராக்டரைக் கூப்பிட்டவன் மறுபடி அந்தக் கேட்டுக்குள் தலைகாட்டுவதில்லை.

"யாருப்பா உன்னை இழுக்கணும்?" என்றார் வெர்னா அக்கா, ஒலிபெருக்கியில்.

வெல்டன் சுற்றிப் பார்த்தான். நான் நிற்பதைப் பார்த்தான், தலையைத் திருப்பிக்கொண்டான்.

"வின்ஸ்லோ சார்" என்றான் மைக்கில். "என் மேனேஜர்."

கூட்டம் மொத்தமும் வின்ஸ்லோ பக்கம் திரும்பியது. அவர் மேடைக்குப் பக்கத்தில் ஐஸ் டீயோடு நின்றிருந்தார்.

"சார், உங்க பேரைச் சொல்லிட்டான். போய் இழுங்க" என்றார் அக்கா.

"நான் வாடகைக் கார்ல வந்திருக்கேன்மா."

"அதனால என்ன? கொக்கி மாட்ற இடம் இருக்கா?"

வின்ஸ்லோ சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "இதெல்லாம் என்னங்க, ஒரு டிராக்டரைக் கூப்பிட்டா முடிஞ்சுது."

"பேர் சொல்லி வராத ஆளு" என்றார் அக்கா. கத்தவில்லை, வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார். எங்கள் ஊரில் இதைவிடக் கேவலமாக ஒருத்தனைத் திட்ட முடியாது. அது வின்ஸ்லோவுக்குத் தெரியவில்லை, டீயைக் குடித்தார்.

வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. கதவின் பாதி வரைக்கும் சிவப்பு.

"ஓடெல் க்ரிஸ்ஸம்" என்றான் வெல்டன்.

"உனக்கு என்ன வேணும் அவன்?"

"என்கிட்ட முன்னாடி வேலை பார்த்தவர்."

நான் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டேன். நன்றாக உப்புப் பிடித்திருந்தது. பேர் சொன்னால் மறுக்க முடியாதுதான். ஆனால் அவன் சொன்ன ஓடெலை எனக்குத் தெரியாது. அப்படி ஒருத்தன் மைதானத்தில் இருந்தால் அவன் போகட்டும்.

"அப்படி ஒரு ஆளு இங்க இல்லையாம்ப்பா" என்றார் வெர்னா அக்கா, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு. "வேற சொல்லு."

கூட்டத்தில் ஒருத்தர் பின் ஒருத்தராக எஞ்சினை அணைத்தார்கள். சேறு குமிழி விடுவது கூடக் கேட்டது. மேடைப் பக்கமிருந்து வின்ஸ்லோ, "வெல்டன், ஒண்ணும் சொல்லாத, கேமரா ஓடிட்டிருக்கு" என்றார். வெல்டன் அவரைப் பார்த்தான். கேமராவைப் பார்த்தான். அப்புறம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். நான் கடலைப் பொட்டலத்தை பானட்டில் வைத்தேன்.

"ஓடெல் என் பார்ட்னர்" என்றான். "செம்மண்ணுன்னா நாங்க ரெண்டு பேரும். பீட்டெல்லாம் அவன் போட்டது. பாட்டுல பாதி அவன் எழுதினது. கதவு சாத்தாத வண்டி அவன் வண்டி, அதோ நிக்குது." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்குச் சேத்துல வண்டி ஓட்ட வராது. ஒரு நாளும் ஓட்டினதில்ல. எல்லாம் அவன்தான்."

முன்னால் சொன்னதில் போனது நாஷ்வில். கடைசியில் சொன்னதில் போனது ஊரில் அவனுக்கு இருந்த மானம். எங்கள் பக்கத்து ஆம்பிளை ஒருத்தன் இத்தனை ட்ரக்குக்கு நடுவில் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் பட்ட கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டயரில் காற்றை இறக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். நாலு டயருக்கும் நிதானமாகவே இறக்கினேன், முகம் காய வேண்டுமே.

வண்டியோடு பள்ளத்தில் இறங்கி, இழுவை பெல்ட்டை இரண்டு வண்டிக்கும் மாட்டினேன். வெல்டன் இடுப்பளவு சேற்றில் நடந்து வந்து என் வண்டியின் கயிற்றில் கை வைத்தான்.

"அவுக்காத. ஜன்னல் வழியா வா."

வந்தான். சீட்டு நாசம். தூரத்தில் வின்ஸ்லோவின் வாடகைக் கார் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"பீட் எடுத்துட்டு வந்தியா?"

"போன்லதான் இருக்கு."

கூட்டம் எஞ்சின்களை உறுமவிட ஆரம்பித்தது. முதலில் ஒன்று, அப்புறம் மொத்தமும். எனக்கா, அவனுக்கா, இரண்டு பேருக்குமா, கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை. வெல்டன் முகத்துச் சேற்றைத் துடைத்தபடி, "நான் சொன்னது கேட்டுச்சா உனக்கு?" என்றான்.

"இல்லடா" என்றேன். "ஒரே சத்தம். திரும்பச் சொல்லு."

அவன் என்னை முறைத்தான். முதலில் அவன் அதைச் சொன்னபோது ஒரு எஞ்சினும் ஓடவில்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னான், மைக்கை அணைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசி வரைக்கும், வண்டி ஓட்ட வராது என்பது உட்பட. நான் கியரைப் போட்டு இழுத்தேன்.