தட்டு காலியாகும் வரை

எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை பச்சைக் கல்லூரிக்கும் சிவப்புக் கல்லூரிக்கும் கால்பந்து ஆட்டம் நடக்கும். மறுநாள் காலையில் தோற்ற கல்லூரிக்காரன் ஜெயித்த கல்லூரிக்காரனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். போட்டால் போதாது, பக்கத்தில் நின்று பரிமாற வேண்டும். ஜெயித்தவன் சாப்பிட்டுக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டலாம். தட்டில் ஒரு வாய் மிச்சம் இருக்கும்வரை தோற்றவன் பதில் பேசக் கூடாது. தட்டு காலியான பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், யார் கேட்கப் போகிறார்கள்?

நான் பச்சை. என் அக்கா புருஷன் சிவப்பு. அக்கா கல்யாணம் முடிந்த வருஷமே நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சட்டம் இது. இருபது வருஷமாக ஒருத்தரும் மீறியதில்லை. மச்சான் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். கடைப் பலகை சிவப்பு, வண்டி சிவப்பு, ஆட்டத்தன்று ஆளே சிவப்பு. கல்லாவுக்கு மேலே கல்லூரி வாசலில் நின்று எடுத்த போட்டோ ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வாடிக்கையாளர் வெள்ளைப் பெயின்ட் கேட்டால்கூட, "நம்ம காலேஜ்ல படிக்கிறப்ப" என்று தொடங்கிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் அவர்கள் ஜெயித்தார்கள். என் வீட்டில், என் ரொட்டியைப் பிய்த்து, என் குழம்பில் தொட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "உங்க டிஃபென்ஸ் மாதிரிதான் மாப்ள நீயும். கூட இருந்தவ பையத் தூக்கிட்டுக் கெளம்புற வரைக்கும் வேடிக்கை பாத்துட்டு நின்னியே!"

என் மனைவி என்னை விட்டுப் போய் அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா, "ஐயோ, என்னங்க இது" என்றாள், ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள். எலியும் சிரித்தாள். எலி அவர்கள் மகள், என் மருமகள். குறைமாதத்தில் உள்ளங்கை அளவுக்குப் பிறந்தவள் என்பதால் நான் வைத்த பெயர் அது. மச்சான் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். அவள் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. கையில் கரண்டியோடு, வாயை மூடிக்கொண்டு, அவருக்கு இன்னொரு முட்டை வைத்தேன். சட்டம் சட்டம்தானே.

நான் பல்கலைக்கழகத்தில் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு கல்லூரிகளும் அதற்குக் கீழேதான் வருகின்றன. யார் எந்த வருஷம் சேர்ந்தார்கள், எந்த வருஷம் முடித்தார்கள், யார் பாதியில் கழன்றுகொண்டார்கள் என்பதெல்லாம் என் மேஜைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரிகளில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் அங்கே படிப்பை முடித்த பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கென்று பத்து இடம் ஒதுக்கும். விண்ணப்பத்தில் அப்பாவோ அம்மாவோ தங்கள் பழைய பதிவு எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பார்த்து 'தகுதி உண்டு', 'தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

இந்த வருஷம் எலிக்குக் கல்லூரி. மதிப்பெண்ணை வைத்தே பச்சைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் நான் ஆடியே விட்டேன். அன்றைக்கே பச்சை ஜெர்சி ஒன்று, அவள் அளவில், வாங்கி வைத்தேன். ஆனால் அந்தக் கழுதை என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா காலேஜ்லயும் போட்டிருக்கேன் மாமா. அப்பா பொண்ணுங்கிற எடம் இருக்குல்ல, அது வந்துட்டா அங்கதான்." அப்பா உட்கார்ந்த பெஞ்சில் உட்கார வேண்டுமாம். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்புக் கல்லூரிப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. நாலாவது பெயர் எலியுடையது. மச்சானின் எண்ணைக் குறித்துக்கொண்டு பழைய பதிவேட்டை இறக்கினேன். தூசியில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். மச்சான் பெயர் இருந்தது. பெயரின் மேல் ஒரு கோடு இருந்தது. ஓரத்தில் யாரோ பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'மூன்று மாத வருகைக்குப் பின் வரவில்லை. பெயர் நீக்கப்பட்டது.'

மூன்று மாதம்! இருபது வருஷமாக வாய் கிழியப் பேசிய மனுஷன் அங்கே மூன்றே மூன்று மாதம் போயிருக்கிறார். போட்டோ எடுப்பதற்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது. அலமாரிகளுக்கு நடுவில் நின்று தனியாகச் சிரித்தேன். அடுத்த மேஜைத் தட்டச்சுக்காரம்மா, "என்ன சார், சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டாள். "அதுக்கும் மேலம்மா" என்றேன்.

பட்டியலில் 'தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு தப்பும் இல்லை, வேறு எதை எழுதினாலும் என் வேலை போயிருக்கும். முடிவை எப்படியும் கல்லூரி தன் பலகையில் ஒட்டும், ஆனால் அதற்கு இரண்டு வாரம் ஆகும். வரும் சனிக்கிழமை ஆட்டம். ஜெயித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வீட்டில் எனக்குத் தட்டு. அவர் கரண்டியோடு நிற்பார், பதில் பேச முடியாது. அக்கா இருப்பாள், எலி இருப்பாள். வேண்டாமென்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

புதன்கிழமை மச்சானே போன் செய்தார். என் உடம்பைப் பற்றி விசாரித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், பெயின்ட் விலை ஏறியதைச் சொன்னார். அப்புறம் குரல் இறங்கியது.

"மாப்ள, எலி ஃபாரம் ஒண்ணு அந்தப் பக்கம் வந்திருக்குமே. பாத்தியா?"

எனக்கு எல்லாம் புரிந்தது. பட்டியல் என் கைக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். என்னை நம்பித்தான் அந்த எண்ணை எழுதியிருக்கிறார். மறைத்ததையும் சொல்ல முடியாமல், உதவியும் கேட்க முடியாமல் மனுஷன் மென்று முழுங்கினார்.

"வந்தா நான் பாத்துக்க மாட்டேனா மச்சான்? நம்ம பிள்ளைதானே."

"அது போதும் மாப்ள. நீ இருக்கிறப்ப எனக்கென்ன." மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்ப அந்தப் பச்சை எடத்த விட்டுடச் சொல்லிடுறேன். எதுக்கு வீணா ரெண்டு எடத்தப் பிடிச்சிக்கிட்டு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. போன் காதில் இருந்தது, வாயும் இருந்தது. "உங்க இஷ்டம் மச்சான்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை உண்மை தெரிந்ததும் எலி அழுதுகொண்டு என்னிடம்தான் வருவாள், நானே கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பச்சையில் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இடமா இருக்காது? அது என் கல்லூரி!

சனிக்கிழமை மழை கொட்டியது. மைதானம் குளமாகி, ஆட்டத்தை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

அடுத்த சனிக்கிழமை பளிச்சென்று வெயில். கேலரியில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மச்சான், எங்கள் இடத்தில் வேறு ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். எலி சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

"மச்சான், உங்க கோல்கீப்பர் யாரு, பஸ்ஸுக்குக் காத்துட்டு நிக்கிறானா?"

"பஸ்ஸு வந்தா உங்க ஆளுங்கள ஏத்திவிடத்தான் மாப்ள நிக்கிறான்!"

"உங்க ஃபார்வர்டப் பாருங்க, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி. யாராவது பந்திக்குக் கூப்பிட்டாத்தான் நகருவான் போல!"

"உங்க கேப்டன் ஓடுறதுக்குள்ள எம்பொண்ணு டிகிரியே முடிச்சிடுவா!"

அவர் பக்கம் அத்தனை பேரும் கைதட்டினார்கள். எலி குதித்துக்கொண்டே கத்தினாள்: "மாமா, அடுத்த வருஷம் நானே மைதானத்துல எறங்குறேன், பச்சைக்குப் பூச்சி மருந்து அடிக்க!" நான் பல்லைக் கடித்தேன். பேசு பேசு, நாளைக்கு இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் மூன்று கோல் போட்டோம். மூன்றாவது கோலுக்கு நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு மேலேயே ஏறி நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மச்சான் வீட்டு மேஜையில் உட்கார்ந்தேன். ரொட்டி, பொரித்த முட்டை, முழுக் கோழி ஒன்று. அக்கா காலையிலேயே எழுந்து சமைத்திருந்தாள். எலி எதிரில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஆரம்பிங்க மாமா" என்றாள். மச்சான் கரண்டியோடு நின்றார். தோற்ற முகம்தான், ஆனாலும் சிரித்தார். இதெல்லாம் ஒரு விளையாட்டு என்று நினைத்த சிரிப்பு அது.

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நேத்து மூணு கோல் வாங்குனதப் பத்தி நான் பேசப் போறதில்ல மச்சான். உங்க காலேஜுக்கும் உங்களுக்கும் மூணுன்னா ராசி. மூணு வருஷப் படிப்ப மூணே மாசத்துல முடிச்ச மேதை நீங்கதானே!"

அக்கா சிரித்தாள். வழக்கமான கிண்டல் என்று நினைத்திருப்பாள். மச்சான் சிரிக்கவில்லை.

"பதிவேடு பாத்தேன். உங்க பேரு மேல கோடு. மூணு மாசம் போயிட்டு இருபது வருஷம் செவப்புச் சட்டை போட்டுத் திரிஞ்ச ஆள நான் உங்களத்தான் மச்சான் பாக்குறேன். பொண்ணுக்கு எந்த பெஞ்ச காட்டப் போறீங்க? வாசல்ல நின்னு போட்டோ எடுத்த எடத்தையா?"

அக்கா கையிலிருந்த தண்ணீர்க் குவளையை மேஜை மேல் வைத்தாள். எலி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா? மாமா என்ன சொல்றாங்க?"

மச்சான் கரண்டியால் என் தட்டைக் காட்டினார். தட்டில் இன்னும் பாதி இருந்தது. சட்டம்.

நான் வேகமாகச் சாப்பிட்டிருந்தால் அவருக்கு விடுதலை கிடைத்திருக்கும். நான் மெதுவாகச் சாப்பிட்டேன். ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தேன். எலும்பில் ஒட்டியதைக்கூட விடவில்லை. அந்த ஐந்து நிமிஷம், சொன்னால் என்ன, எனக்கு இனித்தது. போன வருஷம் நான் நின்ற மாதிரி நில்லுங்கள் மச்சான் என்று இருந்தது.

கடைசி வாயை எடுக்கப் போனபோது மச்சான் குனிந்து இன்னொரு ரொட்டி வைத்தார். மேலே கோழித் துண்டு வைத்தார்.

"போதும் மச்சான்."

அவர் கேட்கவில்லை. குழம்பு ஊற்றினார். நான் அதையும் தின்றேன். முடியும் நேரத்தில் இன்னொன்று வைத்தார். குழம்பு மேஜையில் சொட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டு காலியானால் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. கோழி தீர்ந்தால் முட்டை வைப்பார், அதுவும் தீர்ந்தால் அடுப்படியில் இருப்பதையெல்லாம் கொண்டு வந்து கொட்டுவார்.

எலி எழுந்து வந்து என் கைக்கு அடியிலிருந்து தட்டை உருவினாள். மிச்சத்தோடு கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள்.

"இப்ப தட்டு இல்ல. பேசலாம்." முதலில் என் பக்கம்தான் திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும் மாமா?"

"போன வாரம்... அதுக்கு முந்தின செவ்வாக்கிழமை." குரலை இனிப்பாக்கிக்கொண்டேன். "அதுக்கென்ன எலி, இந்த எடம் போனாப் போகுது. நம்ம பச்சைல உனக்கு எடம் இருக்கே. நாளைக்குக் காலையில மாமா கூட வா."

"அதுக்குக் கடைசி நாள் முந்தாநேத்து."

வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கடைசித் தேதி சொல்லி அனுப்புகிற வேலை என்னுடையது. என் கல்லூரிக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. அந்தக் காலேஜ் ஆபீஸ்லேருந்து போன் பண்ணிக் கேட்டாங்க. வேணாம்னு நான்தான் சொன்னேன். மாமா பாத்துக்குவாங்கன்னு அப்பா சொன்னாரு."

"எம்மா..." என்றார் மச்சான். "அந்த மூணு மாசம்... நான் வந்து..."

"அத மாமா சொல்லிட்டாங்கப்பா." அவள் அழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கடைக்கு வந்த ஆட்களைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "நான் இந்த வருஷம் எங்க படிக்கிறது? அதச் சொல்லுங்க, ரெண்டு பேரும்."

மச்சான் என்னைப் பார்த்தார். என் வாயில் அவர் கடைசியாக வைத்த கோழித் துண்டு இருந்தது. நான் மென்றுகொண்டிருந்தேன்.