காத்திருந்தவர்கள் தேறிய கதை

மார்லிஸ் ட்வைட்டுக்குக் கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் கொடுத்திருந்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். கேள்வி கேட்பதுதான் வேலை. ஆறுதல் சொல்லக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, தாளில் இருப்பதை இருந்தபடியே படிக்க வேண்டும். "கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா? இல்லவே இல்லை என்றால் பூஜ்யம். சில நாட்கள் என்றால் ஒன்று. பாதி நாட்களுக்கு மேல் என்றால் இரண்டு. அநேகமாக எல்லா நாளும் என்றால் மூன்று." தூக்கம், பசி, சாவு நினைப்பு என்று எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. ஐம்பத்தேழு வயதில், கணவன் வேறொருத்தியோடு டுலூத் நகரத்துக்குப் போய்விட்ட பிறகு, அவளுக்குக் கிடைத்த வேலை அது.

கேள்விகள் எல்லாம் நீல வீட்டுக்காக. கவுண்டியின் வரிப்பணத்தில் நடந்த வீடு அது. மனம் நொந்தவர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே கூடுவார்கள். சேர்ந்து சூப் வைப்பார்கள், சீட்டாடுவார்கள், ஆலோசகரிடம் கொஞ்சம் பேசுவார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். இதனால் என்ன பலன் என்று எண்ணில் காட்டுங்கள் என்றார்கள் பணம் கொடுக்கும் கவுண்டி சபை உறுப்பினர்கள். காட்டுவதற்காக அரிசோனாவிலிருந்து பிரெஸ்காட் என்ற இளைஞனை வரவழைத்தார்கள். கெட்டிக்காரன்தான், குறை சொல்ல முடியாது. நீல வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு குழு, இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்கள் இன்னொரு குழு என்று அவன் பிரித்தான். மாதா மாதம் இரண்டு பக்கமும் மார்லிஸ் போன் போட வேண்டும். போகிறவர்கள் தேறி, காத்திருப்பவர்கள் தேறாமல் இருந்தால் நீல வீடு ஜெயித்தது. அதாவது காத்திருக்கிற பாவப்பட்டவர்கள் வாடிக்கொண்டே இருக்க வேண்டும். இதை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

மார்லிஸ் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் படித்தாள். கடைசிக் கேள்வி முடிந்ததும் "நன்றி" என்றாள். அதோடு போனை வைத்துவிட வேண்டும்.

ஆனால் வடக்கு மினசோட்டாவில் எவன் அப்படிப் பட்டென்று போனை வைப்பான்? சண்டைக்காரன்தான் வைப்பான். அங்கே விருந்துக்குப் போனவன் "சரி, அப்ப..." என்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தால், கிளம்புகிறான் என்று அர்த்தமில்லை. கோட்டு போட்டுக்கொண்டு அரை மணி நேரம், வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம், கார் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம். உள்ளே பேசாததையெல்லாம் அப்போதுதான் பேசுவார்கள். மார்லிஸ் அந்த மண்ணிலேயே பிறந்தவள். "நன்றி" என்ற பிறகு "சரி, அப்ப..." என்று சொல்லாமல் அவளால் ஒருவரையும் விட முடியவில்லை. கேள்வியைத்தான் மாற்றக் கூடாது என்றார்கள், விடைபெறுவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே!

நீல வீட்டுக்காரர்கள் அந்தப் பேச்சை வளர்க்க மாட்டார்கள். கோரா என்ற பெண் இரண்டு வருடம் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தவள். அவள் இப்போது "சரி அப்ப, சீட்டு போட்டுட்டாங்க, நான் போகலேன்னா ஏமாத்திடுவாளுங்க" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிடுவாள். காத்திருந்தவர்களுக்குத்தான் ஓடிப்போக இடமில்லை. அவர்கள் போனிலேயே இருந்தார்கள். அவளும் இருந்தாள்.

அதிகம் இருந்தவர் ஆரின் ஹாகன். நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவி இறந்துவிட்டாள், ஏரிக்கரையில் தனி வீடு.

"சரி, அப்ப..." என்பாள் மார்லிஸ்.

"சரி, அப்ப. உங்க பக்கம் பனி எப்படி, கவுண்டிக்காரம்மா?"

"கொட்டுது. உங்க ஏரி உறைஞ்சிடுச்சா?"

"உறைஞ்ச மாதிரிதான் இருக்கு. நம்பிக் கால வைக்க முடியாது, டெக்சஸ்ல இருக்கான் பாருங்க எம்மவன், அவன மாதிரி."

"ஐயய்யோ, பாவம், அந்தப் பையன ஏன் இழுக்கிறீங்க?"

"பையனாம் பையன்! நாப்பத்தஞ்சு வயசு தடிமாடு. அது கிடக்கட்டும், உங்க முழங்கால் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"அப்படியேன்னா? ஒண்ணா, ரெண்டா, மூணா? ஒழுங்கா பதில் சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கணும்."

மார்லிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் வீட்டில் ஹீட்டர் இரையும் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. உண்மையைச் சொல்வதானால், மாதம் பிறந்தால் ஆரினின் முறை எப்போது வரும் என்று அவள்தான் ஏங்கிக் கிடந்தாள். முதலில் எல்லாவற்றுக்கும் மூன்று என்று சொன்னவர், பனி உருகும் நேரத்தில் ஒன்று, சில சமயம் பூஜ்யம் என்றார். முகச்சவரம் செய்துகொண்டதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குத் தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்தேன் என்றார். மார்லிஸுக்கு அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

கோடையில் பிரெஸ்காட் முடிவைக் கொண்டுவந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"ரெண்டு குழுவும் ஒரே மாதிரி தேறியிருக்கு, மார்லிஸ். சும்மா காத்துக்கிட்டிருந்தவங்களும் அதே அளவு. அப்ப நீல வீட்டால ஒரு பிரயோஜனமும் இல்லேன்னுதானே அர்த்தம்? அடுத்த கூட்டத்துல மூடிடுவாங்க."

அவளுக்குக் கோராவின் ஞாபகம்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை இல்லையென்றால் எனக்கு வாரமே இல்லை என்று கோரா ஒருமுறை சொல்லியிருந்தாள். அந்தப் பெண் மறுபடி திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்துவிடுவாள் என்பதில் மார்லிஸுக்குச் சந்தேகமே இல்லை. காத்திருந்தவர்கள் தேறிய காரணம் என்னவென்று தனக்குத் தெரியும் என்பதிலும் சந்தேகம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆரினோடு பேசலாம். கோராவின் வீடு போய்விடும்.

மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டாள்.

"நான் அவங்ககிட்ட பேசினேன், பிரெஸ்காட். கேள்வி முடிஞ்ச பிறகு."

"பேசினீங்கன்னா? எவ்ளோ நேரம்?"

"ஆரின்கிட்டன்னா... ஒரு பானை சூப் கொதிச்சு ஆறுற நேரம்."

"ஒவ்வொரு மாசமுமா?" அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "மார்லிஸ், அதுக்குப் பேரு சிகிச்சை!"

"அட போப்பா. எங்க ஊர்ல அதுக்குப் பேரு போயிட்டு வர்றேன்னு சொல்றது."

"எங்க ஊர்ல போறேன்னு சொன்னா போயிடுவோம்!"

அவன் கெட்டவன் இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து, முதல் அளவு கெட்டுவிட்டது, மறுபடி ஒரு வருடம் அளக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து உறுப்பினர்களைச் சம்மதிக்க வைத்தான். நீல வீடு தப்பியது. இந்த முறை மனுஷ வாடையே படக் கூடாது, இயந்திரம் போன் போடட்டும், அவர்கள் எண்ணை அழுத்தட்டும் என்பது அவன் ஏற்பாடு. புதுக் குரல் என்றால் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதால் மார்லிஸின் குரலையே பதிவு செய்யச் சொன்னான்.

"ஆரினையாவது உள்ள சேர்த்துக்குங்களேன்" என்றாள் அவள். "ஒரே ஒரு ஆள்."

"ஒருத்தர எடுத்தாலும் ஒப்பிட முடியாது. எல்லாரும் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கட்டும். இன்னொண்ணு, நீங்க யாரையும் கூப்பிடக் கூடாது. வெளியில பார்த்தாலும் பேசக் கூடாது. மறுபடி கெட்டுச்சுன்னா மூணாவது தடவ கிடையாது, நீல வீடு அவ்வளவுதான்."

போய்விட்டு வருகிறேன் என்று கூட ஆரினிடம் சொல்ல விடவில்லை. சின்ன அறையில் உட்கார்ந்து, வாசகங்களைப் படித்தாள். உங்க குரல்ல நல்லா ஒரு ஈரம் இருக்கு என்று பதிவு செய்தவர் பாராட்டினார். அந்த ஈரம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும் என்று அவளும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

அடுத்த கோடை வந்தபோது பிரெஸ்காட் டோனட் பெட்டியோடு வந்தான். முகமெல்லாம் பல். போகிறவர்கள் தேறியிருந்தார்கள். காத்திருப்பவர்கள் நன்றாகவே வாடியிருந்தார்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கவுண்டி மூன்று வருடத்துக்குச் சேர்த்தே பணம் ஒதுக்கிவிட்டது.

"ஜெயிச்சுட்டோம், மார்லிஸ்! ஒண்ணு எடுத்துக்குங்க."

அவள் எடுத்துக்கொள்ளவில்லை. "ஆரினுக்கு இப்ப இடம் கிடைக்குமா?"

"கடிதம் போயிருக்கு. அவர்கிட்டேருந்து பதிலே இல்ல. மறுத்துட்டாருன்னு குறிச்சுக்கிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டாங்க."

அளப்பது முடிந்துவிட்டதால் பழைய அழைப்புகளின் ஒலிப்பதிவுகளைத் திறந்து கேட்க இனி தடை இல்லை. மார்லிஸ் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஆரினின் முதல் இயந்திர அழைப்பைத் தேடி எடுத்தாள். அவள் குரலே கேள்விகளைக் கேட்டது. அவர் குஷியாக எண்களை அழுத்தினார், நடுநடுவே கேலி செய்தார். கடைசியில் அவள் குரல் நன்றி சொன்னது.

"சரி, அப்ப..." என்றார் ஆரின்.

இணைப்பு அறுந்தது.

அடுத்த மாதம் அவர் கேலி செய்யவில்லை. மூன்றாவது மாதம், கேள்வி ஆரம்பிக்கும் முன்பே அவசர அவசரமாகப் பேசினார்.

"கவுண்டிக்காரம்மா, வச்சிடாதீங்க, ஒரு நிமிஷம். போன தடவையும் பட்டுன்னு வச்சிட்டீங்க, அதுக்கு முந்தின தடவையும். நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா? அந்த முழங்கால் விஷயம்... சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன். கிழவனுக்கு வாய் நீளம்னு எம்பொண்டாட்டியே திட்டுவா. கோவமா இருந்தா ரெண்டு வார்த்த திட்டிடுங்க, வாங்கிக்கிறேன். இப்படிப் பேசாம இருக்காதீங்கம்மா."

"சரியான பதில் இல்லை" என்றது அவள் குரல், அதே ஈரத்தோடு. "பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஓர் எண்ணை அழுத்தவும்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் ஓர் எண்ணை அழுத்தினார்.

"இல்ல ஆரின், நீங்க ஒண்ணுமே தப்பா பேசல" என்று மார்லிஸ் உரக்கச் சொன்னாள். டோனட் தின்றுகொண்டிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேசைப் போனை இழுத்து, மனப்பாடமாகத் தெரிந்த எண்ணைப் போட்டாள். நெடுநேரம் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.